நாற்பத்தேழாம் நம்பர் தகடு

ஆடிட்டர் ஆபீசில் பயிற்சிக்குச் சேர்ந்தபோது, நாங்கள் தணிக்கை செய்யும் கம்பெனிகளில் சொந்தக்காரர் யாராவது வேலை பார்க்கிறார்களா என்று ஃபாரத்தில் கேட்டிருந்தார்கள். 'இல்லை' என்று எழுதினேன். அப்படிப்பட்ட ஒரு கம்பெனியில்தான், திருமுடிவாக்கத்தில், அப்பா ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார். தாம்பரத்தில் வேறு எந்த ஆடிட்டரும் பெண்ணைச் சேர்த்துக்கொள்ளத் தயாரில்லை. பொய் சொல்லாமல் என்ன செய்வது?

மார்ச் கடைசியில் அங்கேயே சரக்கு எண்ண என்னை அனுப்பினார் ஆடிட்டர் சார். கேட்டிலேயே அப்பா, "வாங்க மேடம்" என்றார். வீட்டில் ஒருநாளும் அத்தனை மரியாதை கிடைத்ததில்லை.

காலையில் பழைய ஷெட்டில் இரும்புத் தகடுகளை எண்ணி, ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் நம்பர் போட்டேன். மதியம் முதலாளியின் காரிலேயே குன்றத்தூர் ஓட்டலுக்கு அனுப்பி, இரண்டு மணி நேரம் சாப்பிட வைத்தார்கள். திரும்பி வந்து, எதிர்ப்பக்கம் இருந்த புது ஷெட்டில் எண்ணத் தொடங்கினேன். ஒரு தகட்டின் ஓரத்தில் 47 என்றிருந்தது. ஏழுக்கு நடுவில் குறுக்குக் கோடு. என் கையெழுத்தேதான்.

எதற்கு அவ்வளவு உபசாரம் என்று அப்போதுதான் உறைத்தது. காலையில் எண்ணிய தகடுகளையே டெம்போவில் கொண்டுவந்து, நம்பரைத் துடைத்து அடுக்கியிருந்தார்கள். சரக்கை இரண்டு மடங்காகக் காட்டினால்தான் பேங்கில் லோன் கிடைக்கும்.

அப்பாவின் சட்டைக் கையெல்லாம் வெள்ளைத் தூள். "இன்னாத்த பாத்துகினு கீற? எழுதிக்கோ. பேஜார் பண்ணாதம்மா," என்று கிசுகிசுத்தார். குரல் நடுங்கியது. அப்பா பயந்து நான் பார்த்ததே இல்லை. எழுதினால் நானும் உடந்தை. எழுதாவிட்டால் அவர் வேலை போகும், விஷயம் போலீஸ் வரை போனாலும் போகும். பயத்தில் எழுதிவிட்டேன், கணக்குத் தாளின் அடியில் கையெழுத்து மட்டும் போடவில்லை.

தாம்பரம் வரும்வரை, சாரிடம் சொல்ல வேண்டியதை பஸ்ஸில் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். சார் எதிரே நின்றதும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

"ஃபாரத்துல பொய் எழுதிட்டேன் சார். அங்க ஸ்டோர்ஸ்ல இருக்கறவர் என் அப்பா. ஒரே சரக்கை ரெண்டு தடவை எண்ண வச்சுட்டாங்க. வேற யாரையாவது அனுப்புங்க சார்."

கத்தப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சிரித்தார்.

"உங்கப்பான்னு தெரியும்மா. அதனாலதான் உன்னை அனுப்பினேன்," என்று பேனாவை என் பக்கம் நகர்த்தினார். "அவர் வேலை பத்திரமா இருக்க வேணாமா? கையெழுத்துப் போடு."

போட்டேன்.