இருபத்துநாலு மொச்சைக்கொட்டை

மூன்று நாளாக ஓர் அறிக்கையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். 'பயனாளியின் வாழ்வில் ஏற்பட்ட மாற்றம், இருநூறு சொற்களுக்குள்' என்று அதில் ஒரு கட்டம். வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கான ஒரு தொண்டு நிறுவனத்தில் பதினோரு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். சாதியாலும், பெண்ணாய்ப் பிறந்ததாலும் உழைப்புக்கு மரியாதை இல்லாமல் போனவர்களுக்கு நியாயம் வாங்கித் தருவது எங்கள் வேலை. நியாயம் வருகிறதோ இல்லையோ, மாதம் தவறாமல் படிவம் வந்துவிடுகிறது. இன்று மத்தியானம் அந்தக் கட்டத்தையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, ஒன்பது வயதில் நான் செய்த ஒரு காரியம் ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது.

அம்மாவுக்கும் இதே பிழைப்புதான். உப்பளம் என்கிற பகுதியில் ஒரு மாடி வீட்டின் கீழ்த்தளத்தில் அவளுடைய ஆபீஸ் இருந்தது. அம்மா அங்கே களப்பணியாளர். பத்தாவது வரைக்கும் படித்தவள். கருவடிக்குப்பம் பக்கத்திலிருந்து டவுனுக்கு வந்து வீட்டு வேலை செய்கிற பெண்களை வாரம் ஒருமுறை கூட்டி உட்காரவைத்துப் பேசுவாள். வாரத்தில் ஒருநாள் லீவு கேளுங்கள், தனி டம்ளரில் டீ கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள், "வேலைக்காரி" என்று கூப்பிட்டால் திரும்பாதீர்கள், பேரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள் என்பாள். அந்தப் பெண்கள் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த ஒரு சொல்லுக்காக அம்மா இன்னும் நாலு தெரு கூடுதலாக நடப்பாள்.

ஆனால் காலை எட்டிலிருந்து பதினொன்று வரை அவள் டீச்சர் இல்லை. ஆபீஸில் பெருக்கித் துடைக்க வந்துகொண்டிருந்த அம்மாள் நின்றுபோனதும், "வேற ஆள் கெடைக்கிற வரைக்கும் கொஞ்சம் பாத்துக்கோம்மா" என்று நிறுவனத்தை நடத்திவந்த மேடம் சொன்னார். நாலு வருடமாக ஆள் கிடைக்கவில்லை. யாரும் தேடவும் இல்லை. அம்மா பழைய நைலக்ஸ் புடவையில் போய்ப் பெருக்கி, துடைத்து, தண்ணீர் பிடித்து வைத்து, எல்லோருக்கும் டீ போட்டு, கப் கழுவிக் கவிழ்ப்பாள். அப்புறம் பாத்ரூமுக்குள் போய், கஞ்சி போட்ட காட்டன் புடவை கட்டிக்கொண்டு, தோளில் பையோடு டீச்சராக வெளியே வருவாள். லீவு நாட்களில் நானும் கூடப் போவேன். அது எனக்கு மேஜிக் ஷோ மாதிரி இருக்கும்.

மேடம் கெட்டவர் இல்லை. இதைச் சொல்லாவிட்டால் அம்மாவே கோபித்துக்கொள்வாள். என் நோட்டுப் புத்தகமெல்லாம் அவர் வாங்கித் தந்ததுதான். வருகிற விருந்தாளிகளிடம் அம்மாவின் தோளில் கை போட்டுச் சொல்வார்: "இது யார் போட்ட டீ தெரியுமா? காலனியிலேருந்து வர்ற பொண்ணு. எங்க ஆபீஸ்ல எல்லாரும் இவ கையாலதான் டீ குடிக்கிறோம். சமத்துவம் நம்மகிட்டேருந்துதானே ஆரம்பிக்கணும்?" விருந்தாளிகள் தலையை ஆட்டிக்கொண்டே உறிஞ்சுவார்கள். அம்மாவின் டீயைத்தான் புகழ்கிறார் என்று நான் நினைத்துக்கொள்வேன். பள்ளிக்கூடத்தில் போய்ப் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

அந்தப் பெண்களுக்கு மட்டும் இந்தக் காலை வேலை தெரியவே கூடாது. அம்மாவுக்கு இருந்த ஒரே பயம் அதுதான். எங்களுக்கு இத்தனை பேசுகிறாயே, உனக்கு வாய் இல்லையா என்று ஒருத்தி கேட்டுவிட்டால் அவ்வளவுதான், அடுத்த வாரம் கூட்டத்துக்கு யார் வருவார்கள்? அதனால் அவர்களை ஆபீஸ் பக்கமே வரவிடாமல், இவளே தேடிப் போவாள். இதெல்லாம் நானாகப் பின்னால் புரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் மொச்சைக்கொட்டை விளையாட்டு ஒன்றுதான்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக அம்மா அதைச் செய்வாள். தரையில் சாக்பீஸால் பெரிய வட்டம். அதற்குள் அடுப்பு, குடம், துடைப்பம், பஸ், தலையணை, ஆபீஸ் என்று சின்னச் சின்னப் படங்கள். கையில் இருபத்துநாலு மொச்சைக்கொட்டை. ஒரு கொட்டை என்றால் ஒரு மணி நேரம். உன் ஒருநாள் எதிலெதில் போகிறதோ அதன்மேல் கொட்டையை வைக்க வேண்டும். பெண்களுக்கு எப்போதும் தலையணைக்குப் பக்கத்தில் வரும்போது கொட்டை தீர்ந்துபோகும். "அய்யய்ய, நான் தூங்கறதே இல்லியா!" என்று சிரிப்பார்கள். வீட்டில் நானும் அம்மாவும் பழகுவோம். என் அப்பாவின் நாளை வைத்தால் மட்டும் கொட்டை மிஞ்சும். மிஞ்சியதையெல்லாம் நான் டீக்கடை வரைந்து அதன்மேல் கொட்டிவிடுவேன். அப்பா பேப்பரை மடக்காமலே, "ரெண்டு பேரும் எனக்கு எதிரா சங்கம் வெக்கிறீங்களா?" என்பார்.

ஒரு சனிக்கிழமை, பிரான்ஸிலிருந்து ஓர் அம்மாள் வருவதாக ஏற்பாடு. நிறுவனத்துக்கு உதவி செய்கிற அமைப்பின் ஆள். களத்துக்கெல்லாம் வர நேரமில்லை, பெண்களை ஆபீஸுக்கே வரச்சொல் என்று மேடம் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு வேறு வழியில்லை. அன்றைக்கு ஆறு மணிக்கே என்னையும் இழுத்துக்கொண்டு போய்விட்டாள். பெண்கள் வந்துசேர்வதற்குள் பெருக்கித் துடைத்து, டீயைப் போட்டுப் பெரிய ஃபிளாஸ்க்கில் ஊற்றி, புடவை மாற்றி, சமையல்கட்டுக் கதவைச் சாத்தி வைத்தாள். என்னிடம் விரலை நீட்டி, "இன்னிக்கு நீ வாயத் தொறக்கவே கூடாது, சொல்லிட்டேன்" என்றாள். சத்தியம் செய்துகொடுத்தேன்.

பெண்கள் பன்னிரண்டு பேர் வந்தார்கள். வேலை செய்கிற வீடுகளில் அரைநாள் கெஞ்சி வாங்கிக்கொண்டு வந்தவர்கள். அவர்களில் மூத்தவரை எல்லோரும் பெரியக்கா என்பார்கள். வெள்ளைக்கார அம்மாள் வந்து, பாயில் சம்மணம் போட முயன்று, முடியாமல் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அம்மா ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள். மேடம் அம்மாவின் தோளில் கை போட்டு பிரெஞ்சில் நீளமாக என்னவோ சொன்னார். அந்த அம்மாள் கண் கலங்க எழுந்து நின்று, "மெர்சி, மெர்சி" என்று அம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பெண்களுக்குத் தலைகால் புரியவில்லை. "நம்ம டீச்சருக்குப் பாருடி மரியாதைய!" என்று ஒருத்தி மற்றவளைக் கிள்ளினாள். என்ன சொல்லப்பட்டது என்று அந்த அறையில் தெரிந்த மூன்றே பேரில் அம்மாவும் ஒருத்தி. பிரெஞ்சு தெரியாதுதான். ஆனால் தோளில் விழுந்த கை அவளுக்குப் பழக்கம்.

அடுத்தது மொச்சைக்கொட்டை. அம்மா வட்டம் போட்டு, யாராவது முதலில் வாங்க என்றாள். வழக்கமாக வாய் ஓயாத பெண்கள் அன்றைக்குப் புதுப்பெண் மாதிரி குனிந்துகொண்டார்கள். "நீ போடி", "நீ போக்கா" என்று ஒருவரை ஒருவர் தள்ளினார்கள். மேடத்தின் சிரிப்பு இறுகிக்கொண்டே வந்தது. அம்மாவின் கழுத்தில் வியர்வை. எனக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு சுலபமான விளையாட்டு, அம்மா தோற்றுப்போகிறாளே என்று தோன்றியது. எழுந்து போய்க் கொட்டைகளை வாங்கிக்கொண்டு, அம்மாவைக் கையால் காட்டி, அவளுடைய நாளை வைக்க ஆரம்பித்தேன். சத்தியத்தை மீறவில்லை, வாயைத் திறக்கவே இல்லை.

அடுப்புக்கு மூன்று, குடத்துக்கு ஒன்று, பஸ்ஸுக்கு இரண்டு. எல்லோரும் கைதட்டினார்கள். அப்புறம் துடைப்பம் படத்தைத் தொட்டு, ஆபீஸ் படத்தைத் தொட்டு, நடுவில் இரண்டு கொட்டை வைத்தேன். டீக்குப் படம் இல்லை. அதனால் சாக்பீஸை எடுத்து, ஆபீஸுக்குள்ளே ஒரு டம்ளர் வரைந்து, ஆவி பறக்க மூன்று கோடும் போட்டு, அதன்மேல் ஒரு கொட்டை வைத்தேன். அழகாகத்தான் வரைந்திருந்தேன்.

கைதட்டல் நின்றுபோனது. வெள்ளைக்கார அம்மாள் குனிந்து டம்ளரைக் காட்டி ஏதோ கேட்டார். மேடம் அவசரமாகச் சிரித்து, தமிழில், "கொழந்த ஏதோ வெளையாடுது" என்றார். அந்த அம்மாள் விடாமல் அம்மாவின் முகத்தையே பார்த்தார். அம்மா பெண்களை ஒருமுறை பார்த்தாள். பிறகு வட்டத்துக்குள் குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையால் என் டம்ளரை அழித்தாள். மூன்று கொட்டையையும் எடுத்து, பஸ் மேல் வைத்தாள். "தப்பா வெச்சிட்டா. அந்த நேரத்துல நான் களத்துக்குப் போயிடுவேன். இவளுக்கு என்னா தெரியும், சின்னப் பொண்ணு" என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. பன்னிரண்டு பேர், மேடம், ஒரு வெள்ளைக்காரி, இத்தனை பேர் முன்னால் என் அம்மா என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டாள். நான் மூலையில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். மேடத்துக்குப் பயந்துதான் அம்மா பொய் சொன்னாள், என் அம்மா ஒரு பயந்தாங்கொள்ளி என்று முடிவு செய்துகொண்டேன். அந்த முடிவை ரொம்ப வருடம் வைத்திருந்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு எல்லாம் சுமுகமாக நடந்தது. பெரியக்கா எழுந்து வந்து தன் நாளை வைத்தார். மற்றவர்களும் வைத்தார்கள். போட்டோ எடுத்தார்கள். மேடமும் விருந்தாளியும் பீச் பக்கம் சாப்பிடக் கிளம்பிப் போனார்கள். அம்மா, "எல்லாரும் பஸ்ஸப் புடிங்க, நேரமாச்சு" என்று பெண்களை வாசல் பக்கம் விரட்டாத குறையாக அனுப்பினாள். அவர்கள் போன பிறகுதான் சமையல்கட்டுக்குள் போக முடியும். அங்கே காலையிலிருந்து சேர்ந்த பாத்திரமும், இப்போது குடித்த கப்புகளும் கிடந்தன.

பெண்கள் வாசல் வரைக்கும் போனார்கள். செருப்பு மாட்டவில்லை. பெரியக்கா திரும்பி நடந்து வந்து, யாரையும் கேட்காமல் சமையல்கட்டுக் கதவைத் தள்ளினார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, குழாயைத் திறந்தார். பின்னாலேயே இன்னும் இரண்டு பேர் போனார்கள். ஒருத்தி துடைப்பத்தை எடுத்து, சாக்பீஸ் வட்டத்தைப் பெருக்க ஆரம்பித்தாள்.

அம்மா பதறிப்போய் ஓடினாள். "அய்யோ விடுங்கக்கா, இதெல்லாம் செய்ய ஆள் இருக்கு, இப்ப வந்துடுவாங்க" என்றாள்.

பெரியக்கா சோப்புக் கையோடு அம்மாவின் வலது கையைப் பிடித்து, விரிந்திருந்த விரல்களைத் திருப்பிப் பார்த்தார். விரல் இடுக்கெல்லாம் சோப்புத் தூள் அரித்து வெளுத்திருந்தது. "தினமும் நாலு வூட்ல பாத்திரம் தேய்க்கிறவளுங்க நாங்க. கையப் பாத்தா எங்களுக்குத் தெரியாதா? மொதல் நாளே தெரியும். நீ போய் உக்காரு டீச்சர்."

அம்மா மேடத்தின் நாற்காலிக்குப் பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். என்னை அடித்துவிட்டு அழும்போதுகூட அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. உள்ளே மூன்று பேர் கைபட்டதில் ஐந்து நிமிடத்தில் அத்தனை கப்பையும் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. வழக்கமாக அரைமணி நேரம் ஆகும். இவ்வளவு பெரிய உதவி கிடைத்திருக்கிறது, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம், இதற்குப் போய் ஒருத்தி அழுவாளா என்று எனக்கு அம்மாமேல் இன்னும் கொஞ்சம் கோபம்தான் வந்தது.