கரைக்குக் கீழே ஏழு வீடு

கண்ணாடி டம்ளரில் பிடித்த கசிவுநீரில் ஈரமண் வாசம் அடிக்கும். பிள்ளைப்பாக்கத்துக்கு அப்பால், மூடிப்போன ஒரு செங்கல் சூளைக்காக அதன் முதலாளி எப்போதோ எழுப்பிய சின்ன மண்ணணையின் அடியில்தான் எங்கள் வீடும், சூளையில் வேலை பார்த்த மற்ற ஆறு குடும்பங்களின் வீடுகளும் இருந்தன. ஐப்பசி பிறந்துவிட்டால் அம்மா தினமும் காலையில் கரையடியில் ஊறும் நீரைப் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் உலை வைப்பாள். "தெளிவா வந்தா பயமில்ல. கலங்கி வந்தா கரை உள்ளுக்குள்ள அரிக்குதுன்னு அர்த்தம்டா" என்பாள்.

நான் நான்காம் வகுப்பு படித்த வருடம், தனியார் அணைகளை வகைப்படுத்த அதிகாரி ஒருவர் வருகிறார் என்று சேதி வந்தது. நிலம் முதலாளியுடையது, எங்களிடம் பட்டா கிடையாது. பேர் எழுதிக்கொண்டு போனால் மறுவாரமே "காலி பண்ணு" என்பார்கள் என்று பயந்து, ஏழு வீட்டாரும் அடுப்பைக் கலைத்து, பாய்களைப் புதரில் ஒளித்து, வீட்டுக்குள் ஆடுமாடுகளைக் கட்டினார்கள். "எங்க வூட்டுக்காரர வுட இது தேவல, கம்முனு கீது பாரு" என்று பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா ஆட்டைத் தடவிச் சிரித்தாள். பிறகு எல்லாரும் வல்லக்கோட்டை கோயிலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்கள். பள்ளிக்கூடம் போகிறவன், ஒழுங்காகப் பதில் சொல்வான் என்று என்னை மட்டும் விட்டுப் போனார்கள்.

"இங்க யாராவது குடியிருக்காங்களா தம்பி?"

"இல்ல சார். மாட்டுக் கொட்டாய்தான்."

அவர் எழுதியதை எட்டிப் பார்த்தேன். "வீடுகள்: இல்லை. அபாய வகை: குறைவு." அதைச் சாயங்காலம் ஏழு வீட்டுக்கும் ஓடி ஓடிச் சொன்னேன். கரை கெட்டி என்று ஆபீசிலேயே எழுதிவிட்டார்கள் என்று எல்லாருக்கும் நிம்மதி. அம்மா டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

அந்தக் கார்த்திகையில் நான்கு நாள் விடாமல் மழை. அப்பா கம்பெனியில் ஓ.டி.யில் மாட்டிக்கொண்டார். ஐந்தாம் நாள் காலை, மனசு கேட்காமல் அம்மா மறுபடி டம்ளரை எடுத்துப் போனாள். தண்ணீர் டீ நிறத்தில் வந்தது. உள்ளங்கையால் அதை மூடிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறி, அந்த அதிகாரியின் மேஜைமேல் கொண்டுபோய் வைத்தாள்.

"கொறஞ்ச அபாயம்னு நீதான சார் எழுதிக்கினு போன? இது இன்னா, பாரு."

அவர் கோப்பைப் புரட்டினார். "அது கரை கெட்டின்னு சொல்றது இல்லம்மா. ஒடஞ்சாலும் சாகறதுக்குக் கீழ ஆள் இல்லன்னு சொல்றது. ஆள் இருந்திருந்தா சரிபண்ணச் சொல்லி முதலாளிக்கு அன்னிக்கே நோட்டீஸ் போயிருக்கும்."

அம்மா என்னைப் பார்த்தாள். சொன்னால் வீடு போகும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். டம்ளரின் அடியில் கரையின் மண் மெல்லப் படிந்துகொண்டிருந்தது.

"கீறோம் சார்" என்றேன். "ஏழு வூடு. நான்தான் பொய் சொன்னேன்."

திட்டுவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவரோ 'இல்லை' என்பதை அடித்து 'ஏழு' என்று எழுதிவிட்டு, போனை எடுத்துக் கத்த ஆரம்பித்தார். மதியத்துக்குள் எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு மாறினோம், செல்வி அக்கா இடுப்பில் ஆட்டோடு. பொக்லைன் கரையோரத்தை வெட்டித் தண்ணீரை ஓடையில் விட்டது. பொழுது சாயும் நேரத்தில் நடுக்கரை சரிந்து எங்கள் அடுப்படிமேல் விழுந்தபோது, அதன் பின்னால் முழங்கால் தண்ணீர்கூட இல்லை.

பயந்தது போலவே, மழை விட்டதும் காலி செய்யச் சொன்னார்கள். ஆளுக்கொரு பக்கமாகப் போனோம். நாங்கள் மண்ணூரில் வாடகைக்கு வந்தோம்.

இப்போது என் ஷிப்ட் பஸ் தினமும் அந்த வழியாகத்தான் போகிறது. சூளை இல்லை, கரை இல்லை, சிமெண்ட் போட்ட தரையில் கண்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. எங்கள் ஏழு வீட்டுக்கும் பட்டா இருந்ததில்லை, கதவு எண்ணும் இருந்ததில்லை. அந்த ஆபீசின் ஏதோ ஓர் அலமாரியில், அடித்துத் திருத்திய அந்த 'ஏழு' இன்னும் இருக்கலாம். நாங்கள் அங்கே வாழ்ந்தோம் என்று எழுதிய ஒரே காகிதம் அதுதான்.