தார் பூசிய சிலுவைகள்

நேற்று எங்கள் சந்தில் தார் போட்டார்கள். ஜன்னலைச் சாத்தியும் நாற்றம் உள்ளே வந்தது. ஊருக்குத் தார் என்றால் ரோடு. எனக்கு மட்டாஞ்சேரி மாதா கோயில் கல்லறைத் தோட்டம்.

அங்கே பணக்காரர்களுக்குப் பளிங்குக் கல்லறை. இஞ்சிக் கிடங்கில் புடைத்துப் பிழைத்த எங்களுக்கு மண்மேடும் மரச்சிலுவையும். கறையான் அரிக்காமலிருக்க அடியில் தார் பூசியிருக்கும். ஒரு மழைக்காலத்தில் மேடு கரைந்துவிடும், சிலுவைதான் அடையாளம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் அம்மா போனாள். சிலுவையில் அவள் பெயரை நானே ஆணியால் கீறினேன். ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் அதன் முன் நின்று மாமியாரைப் பற்றிப் புகார் சொல்வேன். வேறு யாரிடம் சொல்ல?

நாலைந்து வருடம் கழித்து அப்பா படுக்கையில் விழுந்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"என்னை உங்கம்மா பக்கத்துல போட்டுடு தாயி. வேற ஒண்ணும் வேண்டாம்."

போட்டேன். சிலுவையைக் கைகாட்டி, அதன் வலப்பக்கம் வெட்டச் சொன்னவள் நான்தான்.

அந்த வருடம் கல்லறைத் திருநாளுக்கு இரண்டு நாள் முன்பே புல் பிடுங்கப் போனேன். மரச்சிலுவை அத்தனையையும் பிடுங்கி மதிலோரம் விறகுபோல் சாய்த்திருந்தது. குழிவெட்டும் அந்தோணிச் சேட்டன் ஒவ்வொன்றாகத் தார் அடித்துக்கொண்டிருந்தார்.

"எது எங்கே இருந்துச்சுன்னு எப்படி சேட்டா தெரியும்?"

"ஏகதேசம் வச்சு அங்ஙு குத்தும், மோளே. எல்லாக் கொல்லமும் அங்ஙனெ தன்னெ."

வருடாவருடம் உத்தேசமாக நட்டிருக்கிறார். அப்படியானால் அப்பாவை யார் பக்கத்தில் போட்டேன்? மாமியார் கதையெல்லாம் யார் கேட்டது? பாதிரியாரிடம் ஓடினேன்.

"அது தெய்வம் அறியும்" என்றார்.

"தெய்வத்துக்குத் தெரிஞ்சா போதுமா சாமி? எனக்குத் தெரிய வேண்டாமா?"

கதவைச் சாத்திக்கொண்டார். பளிங்குக் கல்லறை ஒன்றுகூட இடம் மாறவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன்.

இப்போது அங்கே மண்ணே இல்லை. தோண்டிய எலும்பையெல்லாம் ஒரே குழியில் கொட்டிவிட்டு, பெட்டியை உள்ளே தள்ளி மூட கான்கிரீட் அறைகள் கட்டிவிட்டார்கள். சிலுவைகள் சாய்ந்திருந்த மதிலோரம் பைக் நிற்கிறது.

"தாத்தாவும் அம்மாச்சியும் ஒரே குழியில சேர்ந்தாச்சல்லோ, பின்னே எந்தாம்மா?" என்கிறாள் மகள். தேற்றுகிறாளாம்.

அந்தக் குழியில் ஊரே கிடக்கிறது. அப்பா கேட்டது ஒருத்தியின் பக்கத்தில்.