சுருளியின் வெளிப்பக்க விரல்

புதுச்சேரியில் அந்தக் கால்நடை மருத்துவமனையின் நடைவழியில் ஒரு நீள பெஞ்சு கிடந்தது. ஒரு முனையில் பூனைக்கூடையுடன் ஒரு தம்பதி. மறுமுனையில் நான். சற்று முன்புதான் என் நாய் சுருளியை ஸ்ட்ரெச்சரில் வைத்து உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். என் கையில் ஒரு படிவம் இருந்தது. பெயர், ஊர், நாயின் வயது எல்லாம் எழுதிவிட்டேன். ‘மாற்றுத் தொடர்பு எண்’ என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

அண்ணன் திருப்பூரில் இருக்கிறார். நாய்க்காக அவருடைய போன் அடிப்பதைக் கற்பனை செய்து பார்த்தேன். எழுதத் தோன்றவில்லை. கடைசியில், எங்கள் ஆய்வகத்தில் கான்ட்ராக்டில் துப்புரவு வேலை செய்யும் செல்வியின் எண்ணை எழுதினேன். அவளைக் கேட்காமலே எழுதினேன்.

எனக்கு ஐம்பத்தாறு வயது. நெய்வேலியில், சுரங்கத்திலிருந்து வரும் பழுப்பு நிலக்கரியைச் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை. அப்பா சர்வீஸில் இருக்கும்போதே இறந்ததால் எனக்குக் கிடைத்த வேலை அது. திருமணம் அமையவில்லை. அம்மா போன பிறகு குவார்ட்டர்ஸில் நான் மட்டும். ஆறு வருடங்களுக்கு முன் ஒரு மழைநாளில் ஸ்கூட்டி நிறுத்தும் இடத்தில் வந்து ஒண்டிய குட்டிதான் சுருளி. வால் சுருண்டிருந்ததால் அந்தப் பெயர்.

இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. உங்களில் யாராவது இப்போது தரையில் உட்கார்ந்து, பக்கத்தில் கால் நீட்டிப் படுத்திருக்கும் நாயைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். வீட்டில் வேறு யாரும் இல்லாமல் இருக்கலாம். அப்போது எனக்கு யாராவது இதையெல்லாம் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

விபத்து நடந்தது மாசி மாதத்தில், ஒரு மாலைப்பொழுதில். ஷிப்ட் விட்டுப் பேருந்துகளும் வேன்களும் வரிசையாக வந்துகொண்டிருந்தன. என் ஸ்கூட்டிச் சத்தம் சுருளிக்குத் தெரியும். கேட்டைத் தாண்டிக் குதித்துச் சாலையின் குறுக்கே என்னை நோக்கி ஓடி வந்தாள். வேன் ஓட்டி வந்தவர் பிரேக் போட்டும் பயனில்லை. அவர் இறங்கி வந்து, தோளில் கிடந்த துண்டை விரித்து, அவளை அதில் கிடத்தி என் வீட்டு வாசல்வரை தூக்கி வந்தார்.

“என்னைப் பாத்து ஓடி வந்துச்சு” என்றேன். அவரிடம் அதை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

“பாக்கலைங்க. குறுக்க வந்துட்டுதுங்க” என்று அவரும் திரும்பத் திரும்பச் சொன்னார். துண்டைத் திருப்பிக் கேட்காமல் போய்விட்டார்.

உள்ளூர்க் கால்நடை மருத்துவர் வலிக்கு ஊசி போட்டு, அட்டை வைத்துக் கட்டி, புதுச்சேரிக்கு எழுதிக் கொடுத்தார். வாடகைக் காரில் பின்சீட்டில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனேன். பண்ருட்டியைத் தாண்டும்வரை அவள் கண்ணை மூடவில்லை.

அங்கே அறுவை செய்த மருத்துவர் நாற்பது வயதுப் பெண்மணி. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். தொடை எலும்பு நடுவில் முறிந்து, இரண்டு துண்டுகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தன. உலோகத் தகடு வைத்துத் திருகாணிகளால் இணைத்தார்கள். மறுநாள் மாலை அவளைக் கூட்டிக்கொண்டு வந்தேன். எட்டு வாரம் ஓடக்கூடாது, தாவக்கூடாது, படி ஏறக்கூடாது.

எங்கள் குவார்ட்டர்ஸ் தரை வழுக்கும். நல்ல நாய்க்கே வழுக்கும். கூடம் முழுக்கச் சாக்குகளை விரித்து ஓரங்களை ஒட்டினேன். வேன்காரரின் துண்டை அவள் அடிவயிற்றின் கீழ் கொடுத்து, இரு முனைகளையும் பிடித்துப் பின்பாகத்தைத் தூக்கிக்கொண்டே தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். உங்களுக்கும் இது உதவும். அகலமான துண்டாக இருக்க வேண்டும். கயிறு வேண்டாம், வயிற்றை அறுக்கும்.

நான்காம் நாள்தான் அதைக் கவனித்தேன். அடிபட்ட காலைத் தரையில் வைக்கும்போது பாதம் மடங்கி, அதன் மேற்புறம் சாக்கில் உரசியது. அவள் அதைத் திருத்திக்கொள்ளவில்லை. அந்தப் பாதம் தன்னுடையதே இல்லை என்பதுபோல இழுத்துக்கொண்டு போனாள்.

தையல் பிரிக்கப் போனபோது மருத்துவர் கத்திரிபோன்ற ஒரு கருவியால் அவள் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். உள்பக்க விரலுக்குச் சுருளி முனகினாள். வெளிப்பக்க விரலை அழுத்தியபோது சுவரில் ஓடிய பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சியாட்டிக் நரம்பு (இடுப்பிலிருந்து இறங்கிப் பாதம்வரை ஓடும் பெரிய நரம்பு) அடிபட்டிருக்கிறது என்றார். அறுந்ததா, நசுங்கியதா என்று இப்போது சொல்ல முடியாது. நசுங்கியிருந்தால் திரும்பலாம். ஆனால் நரம்பு வளரும் வேகம் மிகக் குறைவு.

“தெனம் ஒரு தடவை நீங்களே இந்த வெளிப்பக்க விரலை அழுத்திப் பாருங்க. எலும்புல படுற மாதிரி, நல்லா அழுத்தணும்.”

“கால் அசைஞ்சா சரியாயிடுச்சுன்னு அர்த்தமா டாக்டர்?”

“அது போதாது. இடுப்பை வச்சே காலை இழுத்துக்கும். தலையத் திருப்பி உங்களைப் பாக்கணும். வலிக்குதுன்னு அதுக்கே தெரியணும்.”

இதற்கு ஆழ்வலி உணர்வு (தோலைத் தாண்டி எலும்பை அழுத்தும்போது தெரியவேண்டிய வலி) என்று பெயர். அது திரும்பாவிட்டால் பாதத்தில் புண் வந்துகொண்டே இருக்கும், கிருமி ஏறும், அப்புறம் காலை எடுத்துவிடுவதுதான் நல்லது என்றார். நிதானமாகத்தான் சொன்னார். “உங்ககூட வேற யாரும் வரலையா?” என்று கடைசியில் கேட்டார்.

அன்றிலிருந்து என் மாலைகள் அப்படி அமைந்தன. ஆறு மணிக்குச் சாக்கில் உட்காருவேன். முதலில் அவள் மூட்டுகளை மெதுவாக மடக்கி நீட்டுவேன். தசை மெலிவு (பயன்படாத தசை சுருங்கிப்போவது) வராமலிருக்க அந்தப் பயிற்சி. பிறகு தொடையைத் தேய்த்துவிடுவேன். அது அவளுக்குப் பிடிக்கும், கண் சொருகும். அதற்குப் பிறகு விரலை அழுத்துவேன்.

ஆய்வகத்தில் மாதிரியை அடுப்பில் வைத்து, ஈரம் எவ்வளவு போனது என்று எழுதுகிற பழக்கம் எனக்கு. இதற்கும் ஒரு நோட்டு வைத்தேன். ஒவ்வொரு நாளும் ‘இல்லை’ என்று எழுதினேன். மூன்று பக்கம் அந்த ஒரே சொல் ஓடியது. ஒரு நாள் அழுத்தாமலே ‘இல்லை’ என்று எழுதினேன். அவள் என் கையை நக்கிக்கொண்டிருந்தாள், என்னால் முடியவில்லை.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவார். “நாய்க்காம்மா லீவு போட்ட?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நானும் சிரித்துவிட்டு, அண்ணியைப் பற்றிக் கேட்டேன். பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்கள் முதல் வாரம் விசாரித்தார்கள். பிறகு அவரவர் ஷிப்ட், அவரவர் பிள்ளைகளின் டியூஷன். யாரையும் குறைசொல்ல இடமில்லை. ஒரு நாயின் கால்விரல் பற்றி எத்தனை நாள் விசாரிக்க முடியும்?

செல்வி இரண்டு மூன்று முறை வந்தாள். காடாம்புலியூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிறவள். ஆய்வகத்தில் என்னை மேடம் என்பாள், வீட்டுக்குள் வந்தால் அக்கா. படிவத்தில் அவள் எண்ணை எழுதியதைச் சொன்னேன்.

“அதுக்கென்னாக்கா, எழுதுங்க” என்றாள். பிறகு சுருளியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து காலைப் பார்த்தாள். “எடுத்தா எடுத்துட்டுப் போறாங்க. எங்க வூட்டாண்ட ஒண்ணு மூணு காலை வச்சிகினே கோழி தொரத்தும். அதுங்களுக்குத் தெரியாதுக்கா. நமக்குத்தான் பாக்க ஒரு மாதிரி இருக்கும்.”

அவள் சொன்னது சரி. ஆனால் அன்று அவள் போனதும் எனக்கு ஆத்திரமாக வந்தது. காலை இழந்துவிடக்கூடாது என்று துடித்தது யார் என்று அவள் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிட்டாள்.

வெயில் ஏறியது. ஏழாவது வாரத்தில் நான் ஒரு தவறு செய்தேன். சுருளியின் கழுத்தில் கோன் (காயத்தை நக்காமல் தடுக்கும் பிளாஸ்டிக் புனல்) மாட்டியிருந்தது. அந்தக் கோனுக்குள் அவள் முகம் வியர்த்து வாடிக்கிடப்பதாகத் தோன்றியது. நாய்க்கு முகத்தில் வியர்க்காது என்று எனக்குத் தெரியும். இருந்தும் கழற்றிவைத்துவிட்டு வேலைக்குப் போனேன். மதியம் சாப்பிட வந்து கதவைத் திறந்தால் சாக்கில் ரத்தம். மரத்துப்போன விரல்களை அவளே கடித்துத் தோலை உரித்திருந்தாள். வெளிப்பக்க விரலில் நகம் இல்லை. என்னைப் பார்த்ததும் வாலை ஆட்டினாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

போட்டோ எடுத்து மருத்துவருக்கு அனுப்பினேன். சற்று நேரத்தில் அவரே அழைத்தார்.

“தெனம் மருந்து வச்சுக் கட்டுங்க. கோனைக் கழட்டாதீங்க. வெள்ளிக்கிழமை கொண்டுவாங்க, முடிவு பண்ணிடலாம்.”

“எடுத்துடுவீங்களா?”

“பாத்துட்டுச் சொல்றேன். ஆனா நீங்க மனசத் தயார் பண்ணிக்குங்க.”

அன்று திங்கள். ஆய்வகத்தில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ‘ஐயோ பாவம்’ என்பார்கள், அதோடு முடிந்துவிடும். ஆறு மணிச் சோதனையையும் நிறுத்திவிட்டேன். நோட்டை அலமாரியில் வைத்துவிட்டேன். தொடையை மட்டும் தேய்த்துவிட்டேன். இன்னும் நான்கு நாள் இருக்கப்போகிற கால் என்று நினைத்துக்கொண்டே தேய்த்தேன்.

புதன்கிழமை காலை அவளுக்குச் சோறு வைக்கக் கோனைக் கழற்றினேன். அவள் சாப்பிட்டு முடித்துப் படுத்ததும், அப்படியே கட்டைப் பிரித்துப் புண்ணைக் கழுவிவிடலாம் என்று உட்கார்ந்தேன். பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. வேலைக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் வெளிப்பக்க விரலைப் பிடித்து இழுத்தேன்.

சுருளி கத்திக்கொண்டே திரும்பி என் கையைக் கடித்தாள்.

ஆறு வருடத்தில் அவள் என்மேல் பல் பட விட்டதில்லை. கட்டைவிரலுக்குக் கீழே நான்கு இடத்தில் பொத்துக்கொண்டு ரத்தம் வந்தது. அவள் காதுகளைப் படிய வைத்துக்கொண்டு, கண்ணை அகல விரித்து என்னைப் பார்த்தாள். நேராக என்னைப் பார்த்தாள். நான் இன்னொரு கையால் அதே விரலை மெதுவாகத் தொட்டேன். உறுமினாள்.

நான் அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். சுவருக்கு அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. யாரும் வரவில்லை. சுருளிதான் கொஞ்ச நேரத்தில் ஊர்ந்து வந்து, அவள் கடித்த இடத்தையே மோந்து பார்த்தாள்.

கையைச் சோப்புப் போட்டு நெடுநேரம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நீங்களும் போக வேண்டும். வளர்ப்பு நாய், தடுப்பூசி போட்ட நாய் என்றாலும் போக வேண்டும். ஊசி போட வந்த நர்ஸ் விசாரித்தாள்.

“தெரு நாயாம்மா?”

“இல்ல, என் நாய்தான்.”

“வளத்த நாயே கடிச்சிடுச்சா? அப்புறம் ஏன் சிரிச்சிகினு இருக்கீங்க?”

அவளிடம் முழுக்கதையையும் சொன்னேன். பின்னால் வரிசை நின்றது. அவள் ஊசியைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். ஏழு வாரத்தில் நான் ஒருவரிடம் இவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான்.

வெள்ளிக்கிழமை மருத்துவர் கருவியால் அழுத்தினார். சுருளி தலையைத் திருப்பினாள். மருத்துவர் மறுபடி அழுத்தவில்லை. என் கைக்கட்டைப் பார்த்து, “நீங்க ஏற்கெனவே டெஸ்ட் பண்ணிட்டீங்க போல” என்றார்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். பாதம் நிமிர இன்னும் இரண்டு மாதம் ஆனது. புண் ஆறி, அந்த விரலில் நகம் கோணலாக முளைத்தது. சில நாள் நன்றாக ஊன்றுவாள், மறுநாள் மறந்துவிடுவாள். பழைய காலுறையை மாட்டி, நிமிடத்துக்குப் பத்து அடி என்று தோட்டத்தைச் சுற்றினோம். ஏதாவது முன்னேற்றம் தெரிகிறதா என்று தினமும் பார்த்தால் தெரியாது. வாரத்துக்கு ஒருமுறை செல்வி வந்து பார்த்தால்தான் தெரிந்தது. “இப்ப நல்லா ஊணிகினு நடக்குதேக்கா” என்பாள்.

ஆனி மாதக் கடைசியில் புதுச்சேரிக்குப் போனோம். எக்ஸ்ரேயில் எலும்பு கூடியிருந்தது. தகடு அப்படியே இருக்கட்டும் என்றார்கள். மருத்துவர் சீட்டில் ஏதோ கிறுக்கிவிட்டு, “இனிமே நீங்க வரவேண்டியதில்லை” என்றார்.

“ஒரு தடவை சும்மா கொண்டுவந்து காட்டட்டுமா டாக்டர்?”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “தாராளமா வாங்க” என்றார்.

‘வரவேண்டியதில்லை’ என்ற அந்தச் சொல்லுக்கு நான் எவ்வளவு காத்திருந்தேனோ, அவ்வளவு வெறுமையாகவும் இருந்தது. திரும்பும் வழியில் பண்ருட்டியில் சாலையோரம் பலாப்பழங்கள் குவிந்துகிடந்தன. டிரைவர் இறங்கி ஒன்று வாங்கினார். காருக்குள் அந்த மணம் நிறைந்தது. சுருளி ஜன்னல்பக்கம் எழுந்து நின்றாள். நான் பிடிக்கவில்லை. நிற்கட்டும் என்று விட்டேன்.

இப்போது ஆறு மணி வந்தால் கைகளுக்கு வேலையில்லை. பழக்கத்தில் சாக்கில் உட்கார்ந்துவிடுகிறேன். சுருளி வந்து சாய்கிறாள், அவளுக்கு அந்தத் தேய்த்தல் வேண்டியிருக்கிறது. நான்கு மாதம் தரையில் உட்கார்ந்ததில் என் இடது முழங்கால் பிடித்துக்கொண்டுவிட்டது. முன்பெல்லாம் என் உடம்பைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. வேலைக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரும் ஒரு பை மாதிரி அது. இப்போது ஒவ்வொரு மூட்டும் எங்கே இருக்கிறது என்று தெரிகிறது. எழுந்திருக்கவே ஒரு தனி நேரம் ஆகிறது.

நேற்று மாலை வெளியே போகலாம் என்றதும் அவள் எனக்கு முன் வாசலுக்குப் போய்விட்டாள். நான் சுவரைப் பிடித்து, ஒரு காலை ஊன்றி, அடுத்த காலை மடக்கி எழ முடியாமல் பாதியிலேயே நின்றுவிட்டேன். அவள் திரும்பிப் பார்த்தாள். குரைக்கவில்லை, ஓடிவந்து தாவவும் இல்லை. வாசலில் நான்கு காலையும் ஊன்றி நின்று, நான் எழுந்து வரும்வரை காத்திருந்தாள்.