பாப்பாவுக்காகப் போன பூனை

என் மகளுக்காக அடுத்த வீட்டுப் பூனையை அனுப்பச் சொன்னது சரிதானா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ஜமுனாமரத்தூருக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து என் மூன்று வயது மகளுக்குத் தும்மலும் இளைப்பும். பூனை ஒவ்வாமை என்றார் மருத்துவர். எங்கள் மெத்தையில் வந்து படுக்கும் பூனை, அடுத்த வீட்டு மல்லிகா அக்காவுடையது. தயங்கித்தான் சொன்னேன். மறுநாளே அக்கா அதைத் தன் தங்கை ஊரில் விட்டுவிட்டார். மகளுக்கு மெல்ல மெல்ல இளைப்பு அடங்கியது.

சென்ற வாரம் அக்கா விதைச் சாமையைப் புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தில் பாதி உமி, மீதி எலிப்புழுக்கை. அந்தப் பூனைதான் விதைக்குக் காவல் என்பது அப்போதுதான் உறைத்தது.

“ஏங்க்கா சொல்லல?”

“சொல்லி இன்னா ஆவப் போவுது? விதைய எங்கனா கேட்டு வாங்கிக்கலாம். பாப்பா மூச்சுக்கு எங்க போறது? எலிங்கதான் நல்லா கொழுத்துப் போச்சுங்க!” என்று சிரித்தார்.

நான் கேட்ட ஒரு வார்த்தைக்கு, முகம்கூடச் சுளிக்காமல் ஒரு வருட விதையைக் கொடுத்திருக்கிறார்.

பூனையும் திரும்பி வர, குழந்தையும் நலமாயிருக்க வழி உண்டா? அனுபவப்பட்ட தாய்மார்கள் சொல்லுங்களேன்.