படத்தில் இல்லாத வீடு

வொனோசோபோ என்ற மலையடிவார ஊரில் ஒரு பள்ளிக்கூடத்து எழுத்தர் தர்முஜி. ஊருக்கு அவர், மரியாதையாக, பாக் தர்முஜி. பதினெட்டு வருஷமாக ஞாயிறு தவறாமல் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் தியெங் மலையேறி விடுவார். கேமராவும் முக்காலியும் முதுகில்.

"அந்த மலை என்ன, வாராவாரம் மாறவா போகுது?" என்பாள் மனைவி.

"நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுது" என்பார்.

படமெடுத்து முடித்ததும், கை விறைத்துப்போய், எதிர்ச்சரிவில் இருக்கும் சதீனெம் வீட்டு அடுப்படியில் போய் உட்காருவார். சதீனெமும் புருஷன் ரூபிங்கனும் உருளைக்கிழங்கு பயிரிடுகிறவர்கள். சூடாகத் தேநீரும், தெம்பே என்கிற சோயா வறுவலும் வரும்.

"நம்ம வீடும் படத்துல விழுதா பாக்?"

"விழாம? நட்டநடுவுல நிக்குது."

அது உண்மைதான். ஒரு வருஷம் எடுத்த படத்தில் பனியும் பாத்திகளும் சிந்தோரோ சிகரமும் அத்தனை அழகாக அமைந்திருந்தன. நடுவில் அந்த நீலத் தகரக் கூரை மட்டும் கண்ணை உறுத்தியது. கணினியில் பத்தே நிமிஷத்தில் வீட்டையே அழித்துவிட்டு, உருளைச் செடியை நிரப்பினார். கேமரா சங்கப் போட்டியில் அதற்கே முதல் பரிசு.

சந்தோஷத்தில் சதீனெமிடமும் சொல்லிவிட்டார். அழித்தது அப்போது நினைவிலேயே இல்லை. அடுத்த வாரம் அவளும் ரூபிங்கனும் கல்யாணத்துக்குப் போகிற உடுப்பில், கிழங்கு லாரியில் வந்திறங்கி, பரிசுப் படங்கள் வைத்திருந்த கண்காட்சிக்கு வந்து நின்றார்கள்.

"இது நம்ம கோஸுத் தோட்டம். இது நீங்க வெட்டின வாய்க்கா. இதுக்கு மேலதான..." புருஷனுக்குக் காட்டிக்கொண்டே வந்த சதீனெமின் விரல் பச்சையில் போய் நின்றது. "வீடு எங்க பாக்?"

"பனி... பனி மறைச்சிருச்சு."

"அங்க பனியே இல்லையே, செடியில்ல தெரியுது" என்றான் ரூபிங்கன்.

"சும்மா இருங்க, அவருக்குத் தெரியாததா? ரொம்ப அழகா இருக்கு பாக்" என்று சிரித்துச் சமாளித்தாள் சதீனெம். கொண்டுவந்த வறுவல் பொட்டலத்தை அவர் கையில் வைத்தாள்.

மறுநாள் தர்முஜி பரிசுக் கோப்பையைத் திருப்பிக் கொடுத்துப் படத்தையும் இறக்கச் சொன்னார். "எல்லாரும் பண்றதுதானய்யா, இதுக்குப் போயா?" என்று சிரித்தார் சங்கச் செயலாளர்.

ஐந்து ஞாயிறு மலைப்பக்கமே போகவில்லை. ஆறாவது ஞாயிறு, வீடு உள்ள படத்தை அச்சடித்துக்கொண்டு அந்த அடுப்படிக்குப் போனார்.

"பனி மறைக்கல. நான்தான் அழிச்சேன்."

சதீனெம் அடுப்பில் விறகைத் தள்ளினாள். "அன்னிக்கே தெரியும் பாக். கூரை அவ்வளவு அசிங்கமாவா இருந்துச்சு?"

ரூபிங்கன் படத்தை வாங்கிக்கொண்டு ஆணி தேடப் போனான். அவன் சுவரில் அடித்து முடிக்கும்வரை தர்முஜி தலை நிமிரவில்லை.