ஹீரோ இல்லாத நாலு நிமிடம்

ஒரு ரயில் நிற்க எவ்வளவு தூரம் வேண்டும் என்று அருணாச்சலத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். பதினெட்டுப் பெட்டி, நூறு கிலோமீட்டர் வேகம் என்றால், எமர்ஜென்சி பிரேக் போட்ட பிறகும் முக்கால் கிலோமீட்டர் ஓடித்தான் நிற்கும். ஐம்பத்தைந்து விநாடி ஆகும். அதற்குள் டிரைவர் செய்யக்கூடியது ஹாரன் அடிப்பது ஒன்றுதான்.

தென்காசிப் பக்கத்திலிருந்து இருபத்திரண்டு வயதில் புனேவுக்கு வந்தவர். கோர்படி ரயில்வே காலனியில் குடியிருப்பு. இந்தியும் மராத்தியும் வேலைக்கு, தமிழ் வீட்டுக்கு என்று பங்கு பிரித்துக்கொண்டு, மூன்றிலுமே குறைவாகப் பேசிக் காலம் தள்ளியவர். மனைவி கிரிஜா அதற்கும் சேர்த்துப் பேசினாள். ஒரே மகள் அம்ருதா படிப்பை முடித்து, ஹடப்சரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்திருந்தாள். தமிழ் பேசுவாள், நடுநடுவே இந்தி முட்டுக் கொடுக்கும். தமிழ் படிக்கச் சொன்னால் ஓடிவிடுவாள்.

வீட்டுக்குத் தெரியாத கணக்கு ஒன்று அருணாச்சலத்திடம் இருந்தது. இத்தனை வருடத்தில் ஒன்பது பேர் அவர் எஞ்சினுக்கு முன்னால் வந்துவிட்டார்கள். ஒருவர்கூட அவர் தவறால் சாகவில்லை. தண்டவாளம் தாண்டியவர்கள், மாட்டைத் துரத்தி வந்தவர்கள், காதில் செல்போனோடு நடந்தவர்கள். விசாரணைக் காகிதம் எல்லாவற்றிலும் டிரைவர் மேல் குற்றமில்லை என்றுதான் எழுதியிருந்தது. காகிதத்துக்கு என்ன, அது ராத்திரி தூங்கிவிடும்.

டிரைவர்களுக்குள் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. ஓய்வறைக்கு வந்ததும் "ஹோ கயா", நடந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்வார்கள். கேட்டவர் யாராயிருந்தாலும் எழுந்து போய் அவருக்கு ஒரு கிளாஸ் சாய் கொண்டுவந்து கொடுப்பார். அதற்கு மேல் பேச்சில்லை. வீட்டில் மூச்சு விடக்கூடாது. தெரிந்தால் பெண்டாட்டி புருஷன் கையைப் பார்த்துப் பயப்படுவாள் என்று முதல் தடவை ஒரு மூத்த டிரைவர் சொன்னதை அருணாச்சலம் அப்படியே பிடித்துக்கொண்டார். இருபத்துமூன்று வருடமாக அவருக்கு இருந்த ஒரே பயம் அதுதான்.

ஒன்பதாவது ஆள், தௌண்டு ஸ்டேஷனுக்கு இந்தப் பக்கம், சைக்கிளைத் தூக்கிக்கொண்டு லைனைத் தாண்டிய ஒரு பெரியவர். அது 2007-ல் ஒரு சனிக்கிழமை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, வேலை கிடைத்த சந்தோஷத்தில் அம்ருதா அப்பா அம்மாவை இங்கிலீஷ் படத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

முகமூடியும் மேலங்கியும் போட்ட ஒருத்தன் பறந்து பறந்து ஊரைக் காப்பாற்றுகிற படம். கிரிஜாவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் ரசித்தாள். இடைவேளைக்குப் பிறகு ஒரு ரயில் வந்தது. தண்டவாளத்தில் கூடையோடு ஒரு பெண். ஹீரோ குறுக்கே குதித்து, நெஞ்சைக் கொடுத்து வண்டியை நிறுத்திவிட்டான். அரங்கமே கை தட்டியது. டிரைவர் எட்டிப் பார்த்து, சிரித்து, தொப்பியைத் தூக்கிக் காட்டினான்.

அருணாச்சலத்துக்குப் பொறுக்கவில்லை. வாயைத் திறக்காத மனிதர் அன்றைக்கு வீடு வந்து சேரும்வரை பேசிக்கொண்டே வந்தார். இப்படி நிறுத்தினால் பின்னால் இருக்கும் பெட்டியெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும் என்றார். அந்த டிரைவர் பிரேக்கையே தொடவில்லை என்றார்.

"அரே அப்பா, அது சூப்பர்ஹீரோ படம். லாஜிக் பாக்கக்கூடாது," என்றாள் அம்ருதா. "அவ்வளவு கோவம்னா நீங்களே வெட்டி ஒட்டிச் சரி பண்ணுங்க. இப்ப எல்லாரும் பண்றாங்க."

விளையாட்டாகச் சொன்னாள். அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. புனே கேம்ப் கடைத்தெரு நடைபாதையில் அந்தப் படத்தின் டிஸ்க் வாங்கி வந்தார். மகளின் கம்ப்யூட்டரில் எப்படி வெட்டுவது, எப்படி ஒட்டுவது என்று கேட்டுக்கொண்டார். ஓய்வு நாளெல்லாம் அதற்கு முன்னால்தான் உட்கார்ந்தார். நாற்பத்தெட்டு வயதில் மனுஷனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று கிரிஜா காலனி முழுக்கச் சொல்லிச் சிரித்தாள்.

ஒரு மாதத்தில் நாலு நிமிடப் படம் தயாரானது. அதில் ஹீரோ இல்லை. அவன் வருகிற இடத்தையெல்லாம் ஒரு நகத்துணுக்கு விடாமல் வெட்டியிருந்தார். கூடைக்காரி தெரிகிறாள். வேறொரு ரயில் படத்திலிருந்து எடுத்து ஒட்டிய காட்சியில் டிரைவர் பிரேக்கைப் போடுகிறான். சக்கரத்தில் பொறி பறக்கிறது. அந்தச் சக்கரத்தைத் திரும்பத் திரும்ப ஒட்டி, ஐம்பத்தைந்து விநாடியையும் முழுசாக வைத்திருந்தார். நடுவில் ஓர் இடத்தில் ஹாரன் சத்தம் நின்றுபோகும், வண்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். கடைசியில் நிற்கும். டிரைவர் இறங்குவான், ஏறுவான், வண்டியை எடுத்துக்கொண்டு போவான். அவ்வளவுதான்.

அம்ருதா பார்த்துவிட்டு, "செம டார்க், அப்பா," என்றாள். இந்தப் படத்தின் ரசிகர்கள் கூடுகிற இணையதளம் ஒன்றில் ஏற்றியும் விட்டாள். அப்பாவின் பிடிவாதம் என்றுதான் நினைத்தாளே தவிர, வேறு எதுவும் அவளுக்குத் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிறு மத்தியானம், சாப்பாடு முடிந்த நேரம். கிரிஜா கூடத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டரைத் திறந்த அம்ருதா வாயைப் பிளந்தாள்.

"அப்பா, இருநூறு பேருக்கு மேல எழுதியிருக்காங்க. எல்லாரும் ஷாக்ல இருக்காங்க."

"பிரேக்கைப் பத்தி எதும் சொல்லுதாங்களா?" என்று அருணாச்சலம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். தூரக் கணக்கில் யாராவது சண்டைக்கு வருவார்கள் என்று அவர் தயாராக இருந்தார்.

பிரேக்கைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அம்ருதா ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லத் திணறினாள். ஒருவனுக்கு ஹாரன் நின்ற இடத்தில் கை சில்லிட்டுப்போனதாம். ஒரு பெண் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டாளாம். குழந்தைகள் வருகிற இடத்தில் இதைப் போட்டவனை விரட்டுங்கள் என்று ஒருவன். ஆனால் முக்கால்வாசிப் பேர் ஒரே இடத்தைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"டிரைவர் திரும்பி வண்டிய எடுக்கறான்ல, அதான். ஒரு ஆள் செத்திருக்கு, அவன் பாட்டுக்குப் போறானே, இவன் மனுஷனா ஜான்வரான்னு கேக்கறாங்க. இத எடிட் பண்ணவனுக்கு மனசே கிடையாதுன்னு எழுதியிருக்காங்க."

அருணாச்சலத்துக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. படத்திலேயே ரொம்பச் சாதாரணமான இடம் என்று அவர் நினைத்திருந்தது அதைத்தான். மழை பெய்தால் குடை விரிப்பது மாதிரி, நின்ற வண்டியை எடுப்பது. அது தெரியாத மனிதர்கள் உலகத்தில் இருப்பார்கள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"பொறவு எடுக்காம என்ன செய்ய? உள்ள ஆயிரம் பேரு இருக்கான். பின்னால வண்டி நிக்கி. கார்டும் நானும் போய்ப் பாத்து, எழுதி, அடுத்த ஸ்டேஷன்ல குடுக்கணும். பதினோரு நிமிஷத்துக்கு மேல நின்னா மேல இருந்து ஏசுதான். போன மாசம் சனிக்கிழமகூட ஏன் லேட்டுன்னு…"

அங்கே நிறுத்தினார். அவர் போட்ட பிரேக்குகளிலேயே உடனே நின்றது அது ஒன்றுதான், அதுவும் பிந்திவிட்டது.

பட்டாணி உரிக்கும் சத்தம் நின்றிருந்தது.

"போன மாசம் சனிக்கிழம என்ன ஆச்சு?" என்று கிரிஜா கேட்டாள்.

அவர் மேஜையைப் பார்த்தார். அம்ருதா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது.

"ஒரு பெரியவரு. சைக்கிளோட."

"அதுக்கு முன்ன?"

"இருக்கு."

"எத்தன பேரு?"

"ஒம்பது."

கிரிஜா முறத்தைக் கீழே வைத்தாள். அருணாச்சலம் தன் இரண்டு கையையும் மேஜைக்கு அடியில் கொண்டுபோனார். அவள் அவற்றைப் பார்த்துவிடக்கூடாது என்று இருந்தது அவருக்கு.

"போடுட்டி அத," என்றாள் மகளிடம். "நான் இன்னும் பாக்கல."

"வேண்டாம்மா."

"போடுன்னா போடு."

அம்ருதா ஓடவிட்டாள். கிரிஜா எழுந்து வந்து அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தாள். அவர் திரையைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார். ஹாரன் அடித்தது. நின்றது. சக்கரம் ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. அவள் உதடு மட்டும் ஏதோ எண்ணுவதுபோல் அசைந்தது. டிரைவர் ஏறி வண்டியை எடுத்தான். முடிந்தது.

இனி இந்தக் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டாள் என்று அருணாச்சலம் நிச்சயம் பண்ணிக்கொண்டார்.

"இருநூறு பேரு பாத்தாச்சு," என்றாள் கிரிஜா. குரல் உயரவில்லை. "எந்த ஊர்க்காரன்னு தெரியாது, என்ன பாஷைன்னு தெரியாது. அவங்களுக்கெல்லாம் காட்டியாச்சு. இருவத்திமூணு வருசமா பக்கத்துல படுத்துக் கெடக்கேன். எனக்கு ஒரு நாலு நிமிசம் ஒதுக்க முடியலையா ஒங்களுக்கு?"

அவள் பயப்படுவாள் என்றுதான் இத்தனை வருடமும் அருணாச்சலம் பயந்தார். அவளுக்கு இது வலிக்கும் என்பது ஒரு நாளும் அவர் கணக்கில் வந்ததில்லை.

கிரிஜா மேஜைக்கு அடியிலிருந்த அவர் கையைப் பிடித்து வெளியே எடுத்தாள். விடவில்லை.

"மொத ஆளுல இருந்து சொல்லுங்க," என்றாள்.